மூன்று கிலோ டெலிஃபோட்டோவைத் தூக்குவதும் தாங்குவதும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கும் புரியும். உங்களிடம் இருப்பது நிக்கான் டி500 கேமரா, அதோடு அண்மையில் வாங்கிய 200-500 மி.மீ. லென்ஸ். ஐம்பது வயதைத் தாண்டியவர். பறவைகளைப் படமெடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கரணை, சீசனில் வேடந்தாங்கல், ஜனவரியில் கோடியக்கரை போகத் திட்டம். இரண்டு மணி நேரத்தில் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்கின்றன. 500 மி.மீ.யில் எடுத்த படங்களில் பாதி கூர்மையாக இல்லை. நல்ல ட்ரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) ஒன்று வாங்கினால் இரண்டும் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ட்ரைபாட் வாங்கினால் முதலில் கூடப்போவது சுமைதான். டெலிஃபோட்டோவைத் தாங்கும் அளவுக்கு உறுதியான கால்களும் தலையும் சேர்ந்தால் மூன்று கிலோ சாதாரணமாக வரும். ஏற்கெனவே வலிக்கிற தோளில் அதையும் ஏற்ற வேண்டியிருக்கும். கழுத்து வலி தூக்கும் முறையால் வருவது. படம் மழுங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் சிலவற்றை எந்த ட்ரைபாடும் தீர்க்காது. அதனால் இரண்டையும் பிரித்தே பார்ப்போம்.

டி500 பேட்டரியோடு 860 கிராம். 200-500 லென்ஸ், ட்ரைபாடில் மாட்ட அதைச் சுற்றியிருக்கும் காலர் என்ற வளையத்தோடு 2300 கிராம். மொத்தம் 3160 கிராம், அதில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு லென்ஸ். அப்படியிருக்க, கேமராவோடு பெட்டியில் வந்த கழுத்துப் பட்டையை கேமராவின் இரண்டு காதுகளில் கோத்து மாட்டிக்கொண்டால் என்ன ஆகிறது? பாரம் முழுவதும் பிடரியில் மெல்லிய கோடாக இறங்குகிறது. லென்ஸ் முன்பக்கம் தலைகவிழ்ந்து தொங்குகிறது. நடக்க நடக்க வயிற்றில் இடிக்கிறது, அதைத் தடுக்க ஒரு கை எப்போதும் அதைப் பிடித்தபடியே இருக்கிறது. இதோடு இன்னொரு விஷயம்: லென்ஸும் கேமராவும் சேரும் அந்த வளையத்தைப் பிடித்திருப்பவை சில சிறிய திருகாணிகள். சும்மா தொங்கும்போது அவை தாங்கிவிடும். ஜீப்பில் ஏறும்போது, வரப்பிலிருந்து குதிக்கும்போது, கேமராவை மட்டும் பிடித்து வெடுக்கென்று இழுக்கும்போது விழும் அதிர்ச்சி அந்த இடத்துக்கு நல்லதில்லை.

எனவே இந்த எடையில் முதல் விதி, பிடிப்பதும் தொங்கவிடுவதும் எப்போதும் லென்ஸைத்தான். கேமரா அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரட்டும். லென்ஸைச் சுற்றியிருக்கும் ட்ரைபாட் காலரும் அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காலும் இதற்காகத்தான் இருக்கின்றன. நிறையப் பேர் அது இடைஞ்சல் என்று கழற்றி வீட்டு அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். கழற்றாதீர்கள்.

அந்தக் காலில் முதல் வேலையாக ஒரு ஆர்க்கா ஸ்விஸ் தட்டு (ட்ரைபாட் தலையின் பிடிக்குள் நழுவி உட்காரும் பொது வடிவத் தட்டு) மாட்டுங்கள். நிக்கானின் கால் அந்த வடிவத்தில் வருவதில்லை. நீளமான தட்டாகப் பாருங்கள், காலில் இரண்டு திருகுத்துளை இருந்தால் இரண்டிலும் திருகக்கூடியதாக. ஒரே திருகில் நிற்கும் தட்டு, லென்ஸ் பக்கவாட்டில் திரும்பும்போது மெல்லக் கழன்றுவிடும். பட்டை கோக்க வசதியாகத் துளையுள்ள தட்டும் கிடைக்கும், அதையே வாங்குங்கள். பிறகு குறுக்குப் பட்டையை அந்தத் தட்டில் கோத்து, இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு வரும்படி மாட்டிக்கொண்டால் லென்ஸ் தொடையோரம் பின்னோக்கிச் சாய்ந்து தொங்கும். 200-500இல் ஒரு சிறு பூட்டு உண்டு, ஜூமை 200இல் வைத்து அதைப் பூட்டிவிட்டால் நடக்கும்போது குழல் தானாக நீண்டு கொள்ளாது. இத்துடன் மெல்லிய நைலான் கயிறு ஒன்றை கேமராவின் காதிலிருந்து பட்டைக்குக் கட்டிவிடுங்கள். தட்டின் திருகு கழன்றாலும் கேமரா தரைக்குப் போகாது. காலையில் கிளம்பும்போதும் வண்டியை விட்டு இறங்கும்போதும் அந்தத் திருகை விரலால் ஒருமுறை முறுக்கிப் பார்ப்பது பழக்கமாகிவிட வேண்டும்.

குறுக்குப் பட்டை கழுத்தைக் காப்பாற்றும், ஆனால் ஒரு தோளுக்கு மட்டும் வேலை கொடுக்கும். உங்களுக்கு ஏற்கெனவே தோளில் வலி இருப்பதால், நடை அரை மணி நேரத்தைத் தாண்டும் என்றால் பைதான் சரி. கேமராவை மாட்டியபடியே லென்ஸ் உள்ளே போகும் நீளமான முதுகுப்பை, இடுப்புப் பட்டை தடிமனாக இருப்பதாகப் பாருங்கள். கடையில் போட்டுப் பார்க்கும்போது உள்ளே மூன்று நான்கு கிலோ வைத்துப் பாருங்கள். முதலில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள், பிறகுதான் தோள் வார்களை இழுக்க வேண்டும். தோள் வாருக்கும் தோளுக்கும் நடுவே உங்கள் விரல்கள் எளிதாக நுழைந்தால் பாரம் இடுப்புக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். இடுப்புப் பட்டை வெறும் நாடாவாக இருக்கும் பை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வேடந்தாங்கல் கரை மாதிரி நின்று நின்று போகும் இடத்தில் இவ்வளவும் தேவையில்லை. காலரைத் தளர்த்தி, கால் மேல்பக்கம் வரும்படி திருப்பி, இறுக்கிவிட்டால் அது கைப்பிடி ஆகிவிடுகிறது. தூக்குச்சட்டி போலத் தூக்கிக்கொண்டு போகலாம், கை மாற்றிக்கொள்ளலாம். பறவை தெரிந்ததும் இடது கை குழலுக்கு அடியில் போகும், அங்கே கால் குத்தாது.

ட்ரைபாடோடு சேர்த்துத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஐந்தாறு கிலோவைத் தலைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சுமப்பது அது. ஒரு கருவேலக் கிளை தட்டின் பிடியைத் தட்டிவிட்டால் போதும். பத்தடி தள்ளி நகர்வதற்குச் சரி. அதற்கு மேல் என்றால் பிரித்துக்கொண்டு நடங்கள்.

இனி மழுங்கல். எதையும் வாங்குவதற்கு முன்பு ஒரு சோதனை செய்யுங்கள், செலவில்லாதது. மாலை வெயில் தணிந்த பிறகு, மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு தலையணை, அதன்மேல் லென்ஸ். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி எழுத்துள்ள ஏதாவது ஒன்று, சிமென்ட் மூட்டைக் கோணி கூடப் போதும். 500 மி.மீ., எஃப்5.6, ஷட்டர் வேகம் 1/1000க்குக் குறையாமல். வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து சில படங்கள், லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்து, ஃபோகஸ் செய்து சில படங்கள். லைவ் வியூ படங்கள் கூர்மையாகவும் மற்றவை மழுங்கியும் இருந்தால் கோளாறு உங்கள் கையில் இல்லை. கேமராவும் லென்ஸும் ஃபோகஸில் ஒத்துப்போகவில்லை, டி500இன் மெனுவிலேயே அதைத் திருத்த ஃபைன் டியூன் வசதி இருக்கிறது. இரண்டுமே கூர்மையாக இருந்தால் லென்ஸ் நன்றாக இருக்கிறது, களத்தில் நடப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

களத்தில் முதல் சந்தேகம் ஷட்டர் வேகத்தின்மேல்தான் வர வேண்டும். குவிய தூரத்தைத் தலைகீழாக்கிய பின்னம் என்ற பழைய கணக்கில், டி500இன் சிறிய சென்சாருக்காக ஒன்றரையால் பெருக்கினால் 500 மி.மீ.க்கு 1/750 வருகிறது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/800இல் தொடங்குங்கள், பறப்பதற்கு 1/2000 அல்லது அதற்கு மேல். லென்ஸின் விஆர் (அதிர்வைக் குறைக்கும் அமைப்பு) நான்கரை ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஷட்டர் வேகத்தில் இரண்டு மடங்கு) வரை கை கொடுக்கும் என்று நிக்கான் சொல்வது உண்மைதான், ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். கொக்கு தலையைத் திருப்புவதை அது நிறுத்தாது. ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 1600, 2000 என்று ஏறிப் படம் புள்ளி புள்ளியாகும் என்று பயந்து 1/250இல் எடுப்பவர்கள் நிறைய. புள்ளி புள்ளியான படத்தைக் கொஞ்சம் சரிசெய்யலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது காரணத்தை யாரும் சந்தேகிப்பதே இல்லை, அதுதான் கானல். நம் ஊர் வெயிலில், சதுப்பின் மேலும் உப்பளத்தின் மேலும் தார்ச்சாலை மேலும், காலை ஒன்பது பத்து மணிக்கே காற்று அலையத் தொடங்கிவிடுகிறது. நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் பறவையை 500இல் எடுத்தால் அந்த அலையும் சேர்ந்தே பெரிதாகிறது. கண்டுபிடிப்பது எளிது. கை ஆடினால் படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருக்கும். கானல் என்றால் அடுத்தடுத்த படங்களில் வெவ்வேறு மாதிரி இருக்கும், சிறகு விளிம்பு இரட்டையாகத் தெரியும், ஒரு நாரை சுமாராகவும் பக்கத்து நாரை கரைந்தும் இருக்கும், ஷட்டர் வேகத்தை எவ்வளவு ஏற்றினாலும் மாறாது. பள்ளிக்கரணையில் சாலையோரம் நின்று சதுப்பின் நடுவே இருப்பதை எடுத்தால் பெரும்பாலும் இதுதான். மருந்து இரண்டே: விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் எடுப்பது, அல்லது கிட்டத்தில் இருக்கும் பறவையை மட்டும் எடுப்பது. ஏசி போட்ட காருக்குள்ளிருந்து கண்ணாடியை இறக்கி எடுத்தாலும் இதே தொல்லை வரும், குளிர்காற்றும் வெளிக்காற்றும் ஜன்னலில்தான் கலக்கின்றன. நிறுத்தும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே ஏசியை அணைத்து எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிடுங்கள்.

இந்த இரண்டும் இல்லையென்று தெரிந்த பிறகுதான் பிடிக்கும் முறைக்கு வர வேண்டும். இடது உள்ளங்கை மேல்நோக்கி, குழலின் சமநிலை வரும் இடத்தில். 500க்கு நீட்டியிருக்கும்போது அந்த இடம் நீங்கள் நினைப்பதைவிட முன்னால் இருக்கும். இரண்டு முழங்கைகளும் விலாவைத் தொட வேண்டும். இறக்கையை விரித்தது போல வலது முழங்கையைத் தூக்கிப் பிடித்தால் தோள்தான் முழுப் பாரத்தையும் வாங்கும், உங்கள் தோள் வலியில் இதற்கும் பங்கு இருக்கலாம். புருவத்தை வியூஃபைண்டர் ரப்பரில் நன்றாகப் பதியுங்கள், கேமராவுக்கு அது மூன்றாவது பிடி. ஒரு காலை அரையடி முன்னால் வைத்து முழங்காலைச் சற்றே தளர்த்துங்கள். பட்டனைக் குத்தாமல், விரலின் சதைப்பகுதியை அதன்மேல் உருட்டுவது போல அழுத்துங்கள். பாதி அழுத்தியதும் விஆர் நிலைகொள்ள ஒரு கணம் பிடிக்கும், வியூஃபைண்டரில் காட்சி நிற்பது கண்ணுக்கே தெரியும், அதன் பிறகு எடுங்கள்.

மரம் இருந்தால் சாயுங்கள். உட்கார முடிந்தால் உட்காருங்கள், முழங்கால்களை மடக்கி முழங்கையை அவற்றின்மேல் ஊன்றினால் நின்று எடுப்பதைவிட எவ்வளவோ நிலையாக இருக்கும். முழங்கை மூட்டுக்குச் சற்று மேலே பின்பக்கம் இருக்கும் சதைப்பகுதியை ஊன்றுங்கள், எலும்பின் மேல் எலும்பு பட்டால் வழுக்கும். எல்லாவற்றையும்விட, பறவை இல்லாதபோது லென்ஸைத் தாழ்த்தி வையுங்கள். கண்ணில் ஒற்றியபடியே ஐந்து நிமிடம் காத்திருப்பதுதான் கையை நடுங்கவைக்கிறது.

காத்திருக்கத்தான் மோனோபாட், ஒற்றைக் கால் தாங்கி. உங்களுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான், ட்ரைபாடை அல்ல. எடை அரை கிலோவுக்குச் சற்று மேல். படம் அசையாமல் இருப்பதற்கு அது உதவுவதைவிட, மூன்று கிலோவை உங்கள் கையிலிருந்து தரைக்கு இறக்கிவிடுவதில்தான் அதன் அருமை. கம்பியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும் பஞ்சுருட்டானுக்காக அரை மணி நேரம் நிற்கலாம், கை சோராது. அதன் உச்சியில் பால் ஹெட் (எல்லாப் பக்கமும் சாயும் உருண்டைத் தலை) வேண்டாம், லென்ஸ் பக்கவாட்டில் சரிந்து தொல்லை தரும். முன்னும் பின்னும் மட்டும் சாயும் டில்ட் ஹெட் போதும். பக்கவாட்டுத் திருப்பத்துக்கு மோனோபாடையே சுழற்றலாம், படத்தை நிமிர்த்தவும் படுக்கவைக்கவும் காலரைத் தளர்த்தினால் போதும்.

ஊன்றும் விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மோனோபாடை இரண்டு பாதங்களுக்கு நடுவே செங்குத்தாக வைப்பவர்கள்தான் அதிகம், அப்போது அது எல்லாப் பக்கமும் ஆடும். அதன் நுனியை ஓரடி முன்னால் வைத்து, பாதங்களை அகட்டி, உடம்பை அதன்மேல் லேசாகச் சாயுங்கள். உங்கள் இரண்டு கால்களோடு சேர்ந்து அது மூன்றாவது கால் ஆகிவிடும். இடது கையை லென்ஸின் மேல், காலருக்கு நேர் மேலே வைத்து மெல்ல அழுத்துங்கள். உயரத்தைக் கண் மட்டத்துக்குச் சற்று மேலேயே வையுங்கள், மரத்தின் மேலே பார்க்கும்போது குனிய வேண்டி வராது. முதுமலை மாதிரி இடங்களில் சஃபாரி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் நுனியை வண்டித் தரையில் ஊன்றாமல் உங்கள் ஷூவின்மேல் ஊன்றுங்கள், இஞ்சின் அதிர்வு பாதி அங்கேயே அடங்கிவிடும். விஆரைப் போட்டே வைக்கலாம். லென்ஸ் தட்டில் இறுகப் பூட்டிய ட்ரைபாடில் மட்டும் அணைத்தால் போதும்.

அடுத்தது பீன்பேக். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு காலை ஒன்றரை அடிக்கு வெட்டி, ஒரு முனையைத் தைத்து, மறுமுனைக்கு ஜிப் வைத்துத் தரச்சொன்னால் தையற்காரர் செய்து தருவார். உள்ளே நன்றாகக் காய்ந்த புளியங்கொட்டையைப் போடுங்கள். அரிசி நனைந்தால் ஊறிவிடும், பயறில் வண்டு வைக்கும், தெர்மோகோல் உருண்டை மூன்று கிலோவுக்கு அமுங்கி நழுவும். புளியங்கொட்டை வழவழப்பாக இருப்பதால் லென்ஸுக்கு ஏற்ற பள்ளத்தைத் தானே செய்துகொள்ளும். மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும், முட்ட முட்ட நிரப்பினால் கட்டை மாதிரி ஆகிவிடும். கார் கதவில், கைப்பிடிச் சுவரில், வரப்பில், இதைப்போலப் பிடித்து நிற்பது வேறெதுவும் இல்லை. வேடந்தாங்கல் கண்காணிப்புக் கோபுரத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: படியில் ஆட்கள் ஏறி இறங்கும்போது கைப்பிடியில் அதிர்வு வரும். அவர்கள் நிற்கும்வரை பொறுங்கள், அல்லது கீழே கரைக்கு வந்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ட்ரைபாட் வேண்டுமா? ஒரே இடத்தில் மறைவில் மணிக்கணக்காக உட்காரப் போகிறீர்கள், வீடியோ எடுக்கிறீர்கள், வெளிச்சம் மிகக் குறைவு என்றால் வேண்டும். வாங்கினால் நடுத்தண்டு இல்லாததாக, அல்லது அதை ஏற்றாமலே உங்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் "பத்து கிலோ தாங்கும்" என்பது உடையாமல் தாங்கும் கணக்கு, ஆடாமல் தாங்கும் கணக்கு அல்ல. கடைக்கு உங்கள் கேமராவையே கொண்டுபோங்கள். மாட்டி, 500க்கு நீட்டி, லைவ் வியூவில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ட்ரைபாட் காலை விரலால் தட்டுங்கள். நடுக்கம் சட்டென்று அடங்கினால் நல்ல கால். ஆடிக்கொண்டே இருந்தால் எவ்வளவு விலையானாலும் வேண்டாம்.

தலைக்கு கிம்பல்தான். பால் ஹெட்டைத் தளர்த்தியதும் லென்ஸ் முன்னால் குப்புற விழும், விரல் நசுங்கும். கிம்பலில் லென்ஸ் ஊஞ்சலில் போலத் தன் எடையிலேயே நிற்கும். அதற்குச் சமநிலை பார்க்க வேண்டும்: திருகைத் தளர்த்திவிட்டு, தட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, கையை எடுத்தாலும் விட்ட இடத்தில் நிற்கும்வரை சரிசெய்யுங்கள். 200-500 ஜூமில் நீளும் லென்ஸ் என்பதால் 200இல் பார்த்த சமநிலை 500இல் கெட்டுவிடும். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் நீளத்தில், அநேகமாக 500இலேயே, பாருங்கள்.

கோடியக்கரையில் இரண்டு விஷயம். ஜனவரியில் திறந்த உப்பளத்தில் வடகிழக்குக் காற்று நன்றாக வீசும், லென்ஸின் முன்னால் வெயில் மறைப்பாக இருக்கும் ஹூட் அந்தக் காற்றைப் பாய்மரம் வாங்குவது போல வாங்கும். பலத்த காற்றில் வெயில் எதிரே இல்லையென்றால் ஹூட்டைக் கழற்றிவிடுங்கள், தாழ உட்காருங்கள். ட்ரைபாடின் நடுவில் பையைத் தொங்கவிட்டால் அது ஆடி ட்ரைபாடையும் ஆட்டும், பை தரையைத் தொட்டு நிற்கும்படி கட்டுங்கள். இரண்டாவது, சேறும் உப்பும். சேற்றில் ஊன்றும்போது கடைசி மெல்லிய பகுதியை முதலில் முழுவதும் நீட்டுங்கள், அப்போது மூட்டுப் பூட்டு சேற்றுக்கு மேலேயே நிற்கும். தங்குமிடம் திரும்பியதும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டியபடியே காயவிடுங்கள். உப்பு காய்ந்து பூட்டுக்குள் போய்விட்டால் அடுத்த முறை திறக்காது.

கடைசியாக, இதையெல்லாம் செய்து ஒரு மாதம் பார்த்த பிறகும் தோள் வலி குறையவில்லையென்றால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். கை மரத்துப்போகிறது என்றால் அந்த ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். லென்ஸை மாற்றுவதையும் ஒரு வழியாக வைத்துக்கொள்ளுங்கள். நிக்கானின் 500 மி.மீ. எஃப்5.6 பிஎஃப் உங்கள் கேமராவிலேயே பொருந்தும், எடை சுமார் 1460 கிராம். டி500ஐயும் சேர்த்தால் 2320, இப்போது உங்களிடம் இருக்கும் லென்ஸின் எடைதான் கிட்டத்தட்ட. அதே வெளிச்சம், அதே நீளம், ஆனால் ஜூம் கிடையாது. கூந்தன்குளம் மாதிரி ஊருக்குள்ளேயே கூழைக்கடா கூடு கட்டும் இடத்தில் பறவை சட்டத்துக்குள் அடங்காது. வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்து ஒரு காலை முழுவதும் பள்ளிக்கரணையில் வைத்திருந்து பாருங்கள், சென்னையில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. எடுக்கும்போது காலருக்கான தட்டும் சேர்த்துக் கேளுங்கள், உங்கள் 200-500இன் நீளத் தட்டு அதன் காலுக்குப் பொருந்தாமல் போகலாம்.